ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை

ஜூன் 16, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பெனரைக் கழுவினேன். நேற்றுத் திகனயில் சனசமூக நிலைய வாசலில் அதைக் கட்டியிருந்தோம். யாரோ அதன்மேல் பிளேன்டீ ஊற்றியிருக்கிறார்கள். ‘கல்யாணத்துக்கு முன் சில துளி இரத்தம்’ என்று மூன்று மொழிகளில் எழுதிய ஆறடித் துணி. சரியாகக் ‘கல்யாணம்’ என்ற இடத்தில் கறை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பல்கனிக் கம்பியில் காயப்போட்டுவிட்டுத்தான் என் முகத்தைக் கழுவினேன். கீழே அம்பிட்டிய வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அண்ணாந்து படித்தார்கள். படிப்பதில் யாரும் குறை வைப்பதில்லை.

நேற்று வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்கள். மூன்று பேர் பிஸ்கட்டைப் பார்த்து. ஒருவன் இங்கே வைஃபை இருக்கிறதா என்றான். மிஞ்சிய மூவர்தான் இரத்தம் கொடுத்தார்கள்.

ஆறு வருடமாக இதுதான் என் உத்தியோகம். தலசீமியா என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு கண்டியைச் சுற்றி அலைவது. சொல்ல வேண்டிய விஷயம் மிகச் சின்னது. சிலருடைய இரத்தத்தில் அது ஒளிந்திருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அதைச் சுமந்து திரிகிற அவர்களைக் காவிகள் என்கிறோம். ஒரு காவி, காவியல்லாதவரைக் கட்டினால் பயமில்லை. காவியும் காவியும் கட்டினால்தான் வினை - பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு ஆயுள் முழுக்க, சில கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஊசிக் குத்து. இல்லையென்றால் பச்சை அட்டை. உண்டென்றால் ரோஸ் அட்டை. இவ்வளவுதான்.

இதற்கு வர மாட்டார்கள். கையில் கட்டிய கடிகாரம் எத்தனை அடி நடந்தாய், எத்தனை மணி தூங்கினாய் என்று சொல்கிறது. முகத்துக்குப் பூசும் கிரீமின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். போனுக்குக் கீறல் விழாமல் உறை, உறைக்குமேல் ஒரு கண்ணாடி. தன் உடம்புக்குள் ஓடுவது என்ன என்று மட்டும் தெரிய வேண்டாம்.

எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள் ஒரு மணிநேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரத்தம் எடுக்கும் எங்கள் ஜஹானா போய்க் கூப்பிட்டாள். அக்குறணைப் பிள்ளை, இருபத்தேழு வயது, யாரோடும் சிரித்துப் பேசிவிடுவாள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

“அவங்க வர மாட்டாங்களாம் மிஸ். உள்ளுக்கு யாரு யாரு ஈக்கின்டு பாக்கத்தான் வந்தாங்களாம்.”

தேசத்தின் எதிர்காலம்.


ஜூன் 17, செவ்வாய்

ஜஹானா லீவு. இன்று கிளினிக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்ததற்கும் இன்று இல்லாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.


ஜூன் 19, வியாழன்

ஒபிஸில் கூட்டம். எங்கள் பொறுப்பாளர் இப்திகார் சேர் புது சேர்ட் போட்டிருந்தால் வெளிநாட்டிலிருந்து ஏதோ அறிக்கை வந்திருக்கிறது என்று அர்த்தம். வந்திருந்தது. ஆபிரிக்க நகரங்களில் இளைஞர்கள் நோய் வருமுன் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்று நூற்றுச் சொச்சம் பக்கம். அதை வெட்டி ஒட்டி, நகரத்தின் பெயரை மட்டும் மாற்றி, ‘கண்டி இளைஞர்கள்: சவால்களும் வாய்ப்புகளும்’ என்று திரையில் ஓடவிட்டார். நான்காவது படத்தில் ‘நைரோபியின் தெற்குப் புறநகரில்’ என்று அப்படியே கிடந்தது.

“சேர், நைரோபிக்கு எத்தனையாம் நம்பர் பஸ்?” என்றேன்.

“அது ஒண்டு மாறாமப் போச்சு மிஸ். விடுங்க. விசயம் ஒண்டுதானே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திகனக் கணக்கில் ஏன் மூன்று என்று போட்டேன் என்று கேட்டார். “பதினொரு பேர் வந்தாங்கதானே? வந்தவங்க எண்டுதானே அந்தக் கட்டத்துல கேட்டிருக்கி? என்னத்துக்கு வந்தாங்க எண்டு கேக்கல்லையே?”

கழிவறை தேடியவர்களையும் நோய்த்தடுப்பில் சேர்க்கச் சொல்கிறார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் அறிக்கையைப் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தேன். ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண் சொன்னதை ஒரு பெட்டிக்குள் போட்டிருந்தார்கள். ‘நோய்க்கு எனக்குப் பயமில்லை. காத்திருக்கும் அந்த வாங்குப் பலகையில் பக்கத்தில் வந்து உட்காரப்போவது என் அம்மாவின் சிநேகிதியாக இருந்துவிடுமோ என்றுதான் பயம்.’

பென்சிலால் கோடு போட்டேன். பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதினேன்: கோழைகள். இரண்டு கண்டத்திலும்.


ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பல்லேகலையில் அவர் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்குப் பின்பக்கம் வீடு. வாசலில் கோலம் கொஞ்சம் பெரிதாக இருந்தபோதே ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்தது. அண்ணனின் இளைய மகள் யசோதினிக்கும் திகனயில் இருக்கும் அக்கா வடிவம்மாவின் மகன் சுகந்தனுக்கும் பேச்சு முடிந்துவிட்டது. ஆடி பிறக்குமுன் பரிசம், ஜூலை ஆறு. ஆவணியில் கல்யாணம். அதாவது எனக்கு ஒரு பக்கம் மருமகள், இன்னொரு பக்கம் மகன் முறை. அத்தை நான், சித்தியும் நான். எல்லாம் முடிந்தபிறகு சொல்லப்படுகிறவளும் நான்.

சந்தோஷம் என்றேன். பாயாசத்தை வாயில் வைத்துக்கொண்டு, இரத்தம் பார்த்தார்களா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இருக்குங்க. உங்ககிட்ட பேச்சு வாங்க முடியுமா?” என்று அண்ணி இராஜகுமாரி எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பைல் கொண்டுவந்தார். ஜாதகம். அதற்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பச்சை அட்டை. மூலையில் குங்குமம் வைத்திருந்தது. பெயரைப் படித்தேன். ஜீவிதா. கல்யாணம் கட்டிக் கட்டாரில் இருக்கிற மூத்த மகள்.

“அண்ணி, இது ஜீவிதாவோடது.”

“ஆமா. அவ மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்கன்னு எடுத்தோம்ல. கிழியாம வச்சிருக்கேன்.”

“யசோவோடது எங்க?”

“இதான். ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. ஒரே ரத்தம். ஒண்ணுக்குப் பாத்தா போதாதா?”

போதாது என்றேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத்தான் வரும், ஒருத்திக்கு இல்லையென்றால் மற்றவளுக்கு இல்லை என்று ஆகாது, கண் நிறமும் தலைமயிரும் போல என்றேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். ஒபிஸில் இருந்து வந்தவர்களுக்குக் காட்டும் பொறுமை.

“கூப்பன் அட்டை வீட்டுக்கு ஒண்ணுதானே? இதுவும் அப்படித்தான்னு நெனைச்சிட்டா,” என்று அண்ணன் யோகராஜ் சிரித்தார். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

“நானாவது பரவாயில்ல. போன வருஷம் என் தங்கச்சி மகளுக்குப் பேசறப்ப இந்த அட்டையத்தான் வாங்கிட்டுப் போனா. அவங்க மாப்பிள்ள வீட்டுல பாத்துட்டுத் திருப்தியா சரின்னுட்டாங்க.”

ஜீவிதாவின் ஒரு ஊசிக் குத்து. அதை வைத்து மூன்று கல்யாணம். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு இரவல் வாங்குகிற மாதிரி.

ஆறு வருடம் ஊர் ஊராகப் பெனர் கட்டியிருக்கிறேன். என் சொந்த அண்ணன் வீட்டு அலுமாரிக்குள் அது எட்டவில்லை.

வரும்போது அண்ணியிடம் திரும்பவும் சொன்னேன். “யசோகிட்ட சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை.” அண்ணி, “வடிவு அண்ணி என்னா நெனைப்பாங்க? சொந்தத்துக்குள்ள எடுத்துட்டு ரத்தம் பாக்கறதா?” என்றார்.

சொந்தத்துக்குள் என்பதால்தான் பார்க்க வேண்டும். இதை எப்படி இவர்களுக்கு -


ஜூன் 23, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தைப் படிக்க யாருமில்லை.

2003. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். மருத்துவபீடத்துச் சிநேகிதி ஒருத்தியின் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தால் ஒரு மைலோ பக்கற்றும் பிஸ்கட்டும். மைலோவுக்காகக் கொடுத்தேன். ஆம், நானும்தான். பிஸ்கட்டைப் பார்த்து வந்தவர்களைப் பற்றி ஏழு நாளைக்கு முன் என்ன எழுதினேன்?

மூன்று கிழமைக்குப் பிறகு கூப்பிட்டு, நீங்கள் காவி என்றார்கள். ஒரு வெள்ளைத்தாள், வயலட் முத்திரை. உங்கள் சகோதரர்களிடம் சொல்லுங்கள், அவர்களும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் நின்றபடி கேட்டார். அக்காவுக்கும் அண்ணனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன, எல்லாம் நன்றாகத்தானே ஓடித் திரிகின்றன, மிச்சம் இருப்பது உன் கல்யாணம் மட்டும்தான் என்றார். “வாயத் தொறந்திராத. ஒருத்தன் வர மாட்டான்.”

வாயைத் திறக்கவில்லை. மாத்தளையிலிருந்து ஒரு ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர். சொல்லாமல் கட்ட மனமில்லை. சொல்லிவிட்டுக் கட்டத் தைரியமில்லை. வேண்டாம் என்றேன். அடுத்தவரையும் வேண்டாம் என்றேன். ஊர் அதைப் படித்த திமிர் என்றது. அந்தப் பெயர் எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. இன்றுவரை அதைத்தான் உடுத்திக்கொண்டு திரிகிறேன்.

அம்மா போய்ப் பதினோரு வருடம். இப்போது இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் காவி என்றால் அம்மாவோ அப்பாவோ காவி. அப்படியென்றால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி. அவர்களிடமிருந்து யசோவுக்கு வந்திருக்கலாம். சுகந்தனுக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். ஊர்ப் பிள்ளைகளுக்குத் திரையில் படம் போட்டுக் காட்டுகிற கணக்கு இது. கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவேன். என் வீட்டுக்கு மட்டும் போட்டதில்லை.


ஜூன் 25, புதன்

யசோவை மத்தியானம் டவுனில் பிடித்தேன். அவள் வேலை செய்வது காப்புறுதிக் கம்பனியில். முன்மேசையில் உட்கார்ந்து, நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் சேர், முன்கூட்டியே யோசிக்க வேண்டாமா சேர் என்று நாள் முழுக்க அடுத்தவர்களிடம் சொல்கிறாள். இருபத்துமூன்று வயது. வாவிக்கரைப் பக்கத்து ஷொப்பிங் மோலின் மேல்மாடியில் சாப்பிடப் போனோம். சலாட் மட்டும் எடுத்தாள். சோறு உடம்புக்குக் கூடாதாம்.

பேச்சின் நடுவில் திடீரென்று எழுந்து நின்றாள். நான் பயந்துவிட்டேன்.

“ஒண்ணுமில்ல அத்தை. வாட்ச் சொல்லுது, ரொம்ப நேரம் உக்காந்துட்டேனாம்.”

கடிகாரம் சொன்னால் எழுந்து நிற்கிறாள். அத்தை சொன்னால் மாட்டாள்.

“ஒரு ஊசிதான் யசோ.”

“ஊசிக்கு யாரு பயப்படறா? மூணு எடத்துல காது குத்தியிருக்கேன்.”

“அப்புறம் என்னா?”

“உங்க கிளினிக் எங்க வைக்கிறீங்க? திகனயில. பெரியத்தை வீடு எங்க? திகனயில. அந்த வாங்குல நான் போய் உக்காந்தா, நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள விஷயம் பெரியத்தை வீட்டுக்குப் போயிரும். பொண்ணுக்கு என்னமோ இருக்காம், அதான் போய்ப் பாக்கறான்னு.”

“சுகந்தன் என்னா சொல்றான்?”

“அவரா? ஜிம்முக்குப் போறேன்ல, எனக்கு எப்படி வரும்ங்கறாரு.”

சிரித்தாள். சிரிக்கும்போது அம்மாவின் கன்னம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினேன். படித்தும் என்ன பிரயோசனம், தோட்டத்துச் சனத்துக்கு எழுத்துத் தெரியாத காலத்தில்கூட இவ்வளவு மடத்தனம் இருந்திருக்காது, நாளைக்குப் பிறக்கிற பிள்ளையை நினைக்கமாட்டாயா என்றேன். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். யசோ கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நீங்க எடுத்திருக்கீங்களா அத்தை?”

“எடுத்திருக்கேன்.”

“என்னா கலர்?”

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அவள் நாளைக்கே போய் வாங்கில் உட்கார்ந்திருப்பாள்.

“பச்சை,” என்றேன்.

“அப்புறம் என்னாத்துக்கு அத்தை இவ்வளவு பயமுறுத்துறீங்க?” என்று கரண்டியை எடுத்து மிச்சச் சலாட்டைச் சாப்பிட்டாள்.


ஜூன் 26, வியாழன்

எவ்வளவு சுலபமாக வந்தது. மூன்றெழுத்து.


ஜூன் 28, சனி

பல்லேகலையில் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்குக் கிளினிக். வேலை முடியும் நேரம் பார்த்து, வாசலுக்கு எதிரே மண்டபத்தில். வழக்கம்போல வாங்கை வீதியைப் பார்த்துப் போட்டேன். இது என் ஏற்பாடுதான். ஒருவர் வருவதை மற்றவர் பார்த்தால் அவருக்கும் வரத் தோன்றும் என்று இரண்டு வருடத்துக்கு முன் நானே எழுதிக் கொடுத்த திட்டம். சேர் அதை அழகாகத் தட்டச்சிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினார். பாராட்டுக்கூட வந்தது.

அரை மணிநேரம் ஒருவரும் இல்லை. வாசலால் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எட்டிப் பார்த்தார்கள். போனார்கள்.

“மிஸ், ஏசக்கூடா,” என்றாள் ஜஹானா. “இந்த வாங்கு ரோட்டுக்குத் தெரியிறதுதான் பிரச்சினை. எனக்கெண்டாலும் இதுல இருக்க வெக்கம்.”

“என்னா வெக்கம்? களவெடுக்கவா வாறாங்க?”

“களவெடுக்க எண்டா தைரியமா வருவாங்க மிஸ்.”

நான் சிரிக்குமுன்னே அவள் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். மறுபக்கத்தை நான் தூக்கினேன். வாங்கை உள்ளே இழுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டோம். பெனரைக் கழற்றினாள். பின்கதவைத் திறந்து வைத்தாள். வெளியே போய் நான்கைந்து பெண்களிடம் காதுக்குள் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான். ஆறு மணிக்குள் பத்தொன்பது பேர். பின்கதவால் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கையை நீட்டிவிட்டுப் பின்கதவால் போனார்கள். ஒருவரும் கழிவறை கேட்கவில்லை.

இரண்டு வருடமாக அந்த வாங்கை வீதிக்குக் காட்டி வைத்துக்கொண்டு, வரவில்லை வரவில்லை என்று காறித் துப்பியவள் நான்.

சாமான் கட்டும்போது ஜஹானாவிடம், உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

“எனக்கு ரோஸ்தானே மிஸ்,” என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில். “மூணு இடத்தால வந்து பாத்தாங்க. நாங்களே மொதல்ல செல்லிட்டோம். மூணு பேரும் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாங்க. உம்மா அழுத அழுகை! நாலாவது வந்தவர் ஒண்ணும் பேசல்ல. போய் அவரும் ஊசி குத்திட்டு வந்தார். பச்சை. டிசம்பர்ல நிக்காஹ். நீங்க வராட்டி நான் கோவம்.”

“உனக்குப் பயமா இருக்கல்லையா, சொல்றதுக்கு?”

“பயம்தான். ஆனா மறச்சி வெச்சா ஒவ்வொரு நாளும் பயம். செல்லிட்டா அண்டைக்கி மட்டும்தானே மிஸ்.”

இருபத்தேழு வயது. இருபத்திரண்டு வருடம் நான் ஒவ்வொரு நாளாகப் பட்ட பயத்தை, இந்தப் பிள்ளை ஒரு தேத்தண்ணி நேரத்தில் முடித்துவிட்டது. கோழைகள் என்று அந்த அறிக்கையின் ஓரத்தில் எழுதிய சொல்லை இப்போது அழிக்க வேண்டும். அல்லது பன்மையை மட்டும்.


ஜூன் 30, திங்கள்

காலை எட்டு மணிக்கே அண்ணியின் போன். “நல்ல ஆளுங்க நீங்க! உங்களுக்கும் பச்சைதான்னு யசோ சொன்னா. இத அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க அண்ணன் ஒரு வாரமா தூக்கம் கெட்டிருக்க மாட்டாருல்ல?”

அண்ணன் தூங்கவில்லையாம். என் பேச்சு அவருக்குள் போயிருக்கிறது. போனதை நானே பச்சை என்று சொல்லி வெளியே எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு அக்கா வடிவம்மா. அக்காவின் குரலுக்குப் போன் தேவையில்லை, திகனயிலிருந்து அப்படியே கேட்கும்.

“என்னாடி, ரத்தம் கித்தம்னு என்னமோ கெளப்பிவிட்டியாமே? ஒனக்கே பச்சையாம்ல?”

“அக்கா, அது வந்து -”

“ஒனக்கு ஒண்ணுமில்லன்னா எனக்கு என்னா? தம்பிக்கு என்னா? நாம மூணு பேரும் வேற வேறயா? சொல்லிட்டேன் அவங்கிட்ட, இனி ஒருத்தரும் இந்த அட்டைப் பேச்சு எடுக்கக்கூடாது.”

ஜீவிதாவின் அட்டை ஒன்று. அதன்மேல் இப்போது என் பொய் ஒன்று. வீட்டுக்கு ஒரு அட்டை போதும் என்று நம்பினார்கள் என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். குடும்பத்துக்கே ஒரு அட்டையை வாயால் எழுதிக் கொடுத்தவள் யார்?

பிறகு அண்ணி மறுபடியும். பரிசத்தன்று ஜாதகத் தட்டை நான்தான் எடுத்துவந்து சபையில் வைக்க வேண்டுமாம். “ஜாதகத்தோட அந்த அட்டையையும் வைப்போம், பாக்கறவங்களுக்கும் ஒரு மரியாதை. நீங்கதான் படிச்சவங்க. நீங்க எடுத்து வச்சா எடுப்பா இருக்கும்.”

சரி என்றேன். என்னிடம் எது கேட்டாலும் சரியான நேரத்தில் தவறான பதில் தயாராக இருக்கிறது.


ஜூலை 2, புதன்

சுகந்தனுக்கு வட்ஸ்அப்பில் எங்கள் துண்டுப்பிரசுரத்தை அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். அதற்குக் கீழே, ‘தம்பி, சித்திக்கு ரோஸ்’ என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன். நாற்பத்துநான்கு வயதில், போனை வைத்துக்கொண்டு பதினைந்து வயதுப் பிள்ளை மாதிரி.

மத்தியானம் வேலை விஷயமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம் ஏற்றும் பிள்ளைகள் இருக்கிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வழக்கமாக வேகமாகத் தாண்டிவிடுவேன். இன்று நின்றேன். ஒன்பது பத்து வயதுப் பெண்பிள்ளை, பள்ளிக்கூடச் சீருடையோடு கதிரையில். வலது கையில் ஊசி. இடது கையால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கோணல்மாணலாக அல்ல, மிக அழகாக. இடது கையால் எழுதப் பழகிவிட்டாள். இங்கே வந்து வந்து பழகியிருக்கிறாள்.

தாய் பக்கத்தில் முறுக்குப் பையோடு. என்னைப் பார்த்துச் சிரித்தார். கழுத்தில் என் அடையாள அட்டையைப் படித்துவிட்டு, “நீங்கதான் கல்யாணத்துக்கு முன்ன பாக்கச் சொல்றவங்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “எங்களுக்கு யாரும் சொல்லலீங்க,” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.


ஜூலை 3, வியாழன்

கடிதம் ஒன்று, பெயரில்லாமல், அண்ணனுக்குப் போடலாமா என்று ஒபிஸில் உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வரி தட்டச்சும் செய்தேன். ‘உங்கள் நலன் விரும்பி’ என்று முடித்தேன். அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அழித்தேன். மோட்டார் சைக்கிளில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்த அந்த இரண்டு பையன்கள் என்னைவிட மேல். அவர்கள் முகத்தையாவது காட்டினார்கள்.


ஜூலை 5, சனி

காலையில் அலுமாரியைத் திறந்து பட்டச் சான்றிதழை எடுத்தேன். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அந்த வெள்ளைத்தாள். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. வயலட் முத்திரை மங்கிவிட்டது, என் பெயர் மங்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு ரோஸ் அட்டை எதுவும் தரவில்லை. இது போதும். வாசிக்கத் தெரிந்த யாருக்கும் போதும்.

அண்ணி நேற்றே தட்டையும் பைலையும் கொடுத்தனுப்பிவிட்டார். தட்டைப் புளி போட்டுத் துலக்கினேன். சேலையை அயன் செய்தேன். கத்தரிப்பூ நிறம். அக்காவுக்குப் பிடிக்காது, பரவாயில்லை, நாளைக்கு அக்காவுக்கு என் சேலையைப் பற்றிப் பேச நேரம் இருக்காது.

என்ன நடக்கும் என்று தெரியும். அக்கா கத்துவார். சபையில் இப்படியா என்பார்கள். கல்யாணத்தைக் குலைக்க வந்தவள், தான் கட்டாததால் அடுத்தவரையும் கட்டவிடாதவள் என்பார்கள். இருபது வருடமாக நான் மற்றவர்களைப் பார்த்த பார்வையை நாளைக்கு எல்லோரும் என் பக்கம் திருப்புவார்கள். அது எப்படி இருக்கும் என்று அறிய எனக்கே கொஞ்சம் ஆவல்தான். ஒருவேளை யசோவுக்கும் இல்லை, சுகந்தனுக்கும் இல்லை, இருவரும் பச்சை என்று ஒரு மாதத்தில் வரலாம். ஆவணியில் கல்யாணம் நடக்கலாம். அப்போதும் என்னோடு பேச மாட்டார்கள். சரி.

யசோ மட்டும், ‘அன்னைக்கு ஏன் அத்தை பொய் சொன்னீங்க’ என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

மத்தியானம் ஜஹானாவுக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை காலையில் இரத்தம் எடுக்கிற குழாய் நான்கு எனக்காக ஒதுக்கி வை என்றேன்.

“யாருக்கு மிஸ்?”

“பெயர் பிறகு சொல்றேன். வாங்கு சுவர்ப் பக்கமே இருக்கட்டும்.”

“ஏன் மிஸ், பெரிய ஆக்களா?”

“ரெண்டு பேர் அம்பது தாண்டினவங்க. வெக்கப்படுவாங்க.”

அவள் சிரித்தாள். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளிடமும் சொன்னதாக ஆகாது.

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் அடுக்கிப் பார்த்தேன். ஜாதகத்தை நடுவில் வைத்தேன். ஜீவிதாவின் பச்சை அட்டையைத் துடைத்து, அவளிடமே சேர்க்க என் கைப்பைக்குள் போட்டேன். என் தாளை ஜாதகத்துக்குக் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

மேலேதான்.